கருப்பொருளும் காலனித் தெருவும்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, ஆழ்வார்திருநகரி



பண்டிதர் பேரால் நடக்கும் ஒரு சொற்பொழிவுக்குப் பள்ளிக்கூடத்துப் புவியியல் வாத்தியாரை ஏன் அழைக்கிறார்கள் என்று முதலில் எனக்கே விளங்கவில்லை. கதையோ கவிதையோ எழுதியவன் இல்லை நான். சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டுக் குச்சியால் காட்டிக் காட்டியே ஓய்வுபெற்றவன். பிறகு யோசித்தேன். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர், குடிமதிப்புக் கணக்கில் நம் மக்களை எந்தப் பெயரில் எழுதவேண்டும் என்பதை விடாமல் கேட்டவர். கணக்கெடுக்க வருகிறவன் கையிலுள்ள தாளில் எந்தக் கட்டம் இருக்கிறது, அந்தக் கட்டத்துக்கு யார் பெயர் வைத்தார்கள் என்று கேட்டவர். வரைபடம் பற்றிய கேள்வியும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே இன்று வரைபடம் பற்றியே பேசுகிறேன்.

நம் ஊருக்கு வருகிற எவரும் முதலில் பார்க்கும் வரைபடம் நவதிருப்பதி வரைபடம். தாமிரபரணி நீலக்கோடாக ஓடும். கரையின் இரு பக்கமும் ஒன்பது புள்ளிகள். ஸ்ரீவைகுண்டம், நத்தம், பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், நம் ஆழ்வார்திருநகரி. பெருமாள் கோயில்களைச் சுற்றி வருகிறவருக்கு இது போதும். கோயில் இல்லாத கிராமம் அதில் இல்லை. நாமும் அதில் இல்லை. அதற்காக அந்த வரைபடத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுவது அதன் வேலை. இப்படிப்பட்டதற்குப் புவியியலில் 'கருப்பொருள் வரைபடம்' என்று பெயர். ஊர், சாலை, ஆறு, மலை எல்லாவற்றையும் பொதுவாகக் காட்டுவது ஒரு வகை. மழை, மண், நோய், எழுத்தறிவு, சாதி, வறுமை என்று ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவது இன்னொரு வகை. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி.

'கருப்பொருள்' என்ற சொல் தமிழ் ஆசிரியர்களுக்கு வேறொரு இடத்தை நினைவூட்டும். தொல்காப்பியம் நிலத்தை ஐந்தாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். தாளில் வரையப்படாவிட்டாலும் இதையும் ஒரு வரைபடமாகவே நான் பார்க்கிறேன். நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எது விளங்கித் தெரிகிறது என்று அட்டவணை போடுகிற வேலை அது. அந்த அட்டவணையில் பறைக்கு இடம் உண்டு. பறையை அடித்தவர் எங்கே குடியிருந்தார் என்பதற்குக் கட்டம் இல்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து நாற்கவிராச நம்பி அகப்பொருள் விளக்கம் எழுதுகிறார். அங்கே கருப்பொருள் பதினான்காகிறது. புதிதாக வந்தவற்றில் ஊர் இருக்கிறது, நீர் இருக்கிறது, பூ இருக்கிறது. கூடவே இரண்டு கட்டங்கள் வருகின்றன: 'உயர்ந்தோர்', 'அல்லோர்'. அதாவது உயர்ந்தவர்கள், உயர்ந்தவர்கள் அல்லாதவர்கள். இலக்கணத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. வரைபடம் போடுகிறவன் எத்தனை கட்டம் போடுகிறான், எந்தப் பெயர் வைக்கிறான் என்பதில் அந்தக் காலத்துச் சமூகம் தெரிந்துவிடும். இன்றைய வரைபடத்துக்கும் இது பொருந்தும். வரைபடத்தின் மூலையில் சின்னதாக ஒரு குறிவிளக்கம் இருக்குமே, அதை முதலில் வாசியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். படம் அப்புறம்.

இத்தகைய வரைபடங்களால் உலகத்தைப் புரிந்துகொள்ள முடியுமா? முடியும். இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

1854இல் லண்டனில் சோஹோ என்ற பகுதியில் காலரா. சில வாரங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் தண்ணீரால் வருகிறது என்று ஏற்கெனவே சொல்லிவந்தார். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் அவர் குடியிருந்த வீட்டின் இடத்தில் ஒரு சிறு கோடு போட்டார். தெருக்குழாய்கள் இருக்கும் இடங்களையும் குறித்தார். பிராட் தெருக் குழாயைச் சுற்றிக் கோடுகள் குவிந்திருந்தன. இதுவரை எல்லாப் பாடநூலும் சொல்லும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. அதே தெருவில் ஒரு மதுவடிப்பாலை இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அநேகமாகத் தப்பித்தார்கள். பக்கத்து ஏழை விடுதியிலும் சாவு குறைவு. ஏன்? மதுவாலையிலும் விடுதியிலும் தனிக் கிணறு இருந்தது. காற்றுதான் காரணம் என்றால் அவர்களும் அதே காற்றைத்தானே சுவாசித்தார்கள்? குவியல் சந்தேகத்தைக் கிளப்பியது, குவியலுக்கு நடுவே கிடந்த வெற்றிடம் அதை உறுதிப்படுத்தியது. வரைபடத்தை வாசிப்பது என்றால் புள்ளி இருக்கும் இடத்தையும் பார்க்கவேண்டும், இருக்கவேண்டிய இடத்தில் புள்ளி இல்லையே என்றும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, 1899. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஏழாவது வட்டம். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. டு போய்ஸ் என்ற இளம் கறுப்பின ஆய்வாளர் அங்கேயே குடியேறி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டார். வேலை என்ன, வாடகை எவ்வளவு, எத்தனை பேர் ஒரு அறையில். பிறகு ஒவ்வொரு வீட்டையும் நிலைமைக்கேற்ப நிறமிட்டு வரைபடம் ஆக்கினார். அதற்குப் பத்தாண்டு முன்பு லண்டனில் சார்லஸ் பூத் இதே போல வறுமை வரைபடம் வெளியிட்டிருந்தார். தெருக்களுக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வசதிக்கேற்ற நிறங்கள். ஆகக் கடைசியில் கறுப்பு. கறுப்புக்கு அவர் எழுதிய விளக்கத்தில் தீயவர்கள், பாதிக் குற்றவாளிகள் என்று வரும். ஏழ்மையை அளக்கப் போனவர் ஏழைகளின் குணத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டார். அந்த முறையைக் கையிலெடுத்த டு போய்ஸோ, தன் மக்களிடையே எத்தனை நிலைகள் இருக்கின்றன, அவர்களை அந்த நிலையில் வைத்திருக்கும் வேலை மறுப்பும் கூடுதல் வாடகையும் எப்படிப்பட்டவை என்று கேட்டார். பின்னாளில், 1946இல், அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதித் தொடர்புகொண்டது இந்த டு போய்ஸோடுதான்.

அண்ணலே வரைபடம் பயன்படுத்தியவர் என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். 1940இல் வெளியான அவரது பாகிஸ்தான் நூலில் மாவட்ட வாரியான மக்கள்தொகை அட்டவணைகளும் வரைபடங்களும் இணைக்கப்பட்டிருந்தன. 1955இல் எழுதிய மொழிவாரி மாநிலங்கள் பற்றிய நூலிலும் வரைபடங்கள் உண்டு. அந்த நூலில் அவர் எழுப்பும் எச்சரிக்கை நம் பேச்சுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. எந்தப் பகுதியை எடுத்தாலும் அங்கே ஒரு சாதி எண்ணிக்கையிலும் நிலத்திலும் ஓங்கி நிற்கிறது, பட்டியல் சாதியினர் எங்கும் சிறு எண்ணிக்கையாகச் சிதறி அதை அண்டி வாழவேண்டியிருக்கிறது என்றார். மாநில எல்லையை எங்கே இழுத்தாலும் இந்த உண்மை மாறாது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். 1942இல் நாக்பூரில் கூடிய பட்டியல் சாதியினர் மாநாடு தனிக் கிராமங்கள் கேட்டதும் இதே சிதறலைப் பார்த்துத்தான்.

இந்தச் சிதறல் வரைபடத்தில் எப்படித் தெரியும்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

மாவட்டங்களுக்கு நிறம் போடும் வரைபடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தேர்தல் முடிவு அன்று தொலைக்காட்சியில் வருவது அந்த வகைதான். 1826இல் சார்ல் துப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் தன் நாட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் அளவைக் காட்ட, மாவட்டத்துக்கு மாவட்டம் அடர்த்தி மாற்றி நிழலிட்டார். அங்கிருந்து தொடங்கிய முறை. 2011 கணக்கெடுப்பை வைத்துத் தமிழ்நாட்டுக்கு அப்படி ஒன்று போடுவோம். பட்டியல் சாதியினர் திருவாரூரில் 34 விழுக்காடு. அது அடர்ந்த நிறம். கன்னியாகுமரியில் 4 விழுக்காடு. வெளிர் நிறம். நம் தூத்துக்குடியில் ஏறத்தாழ 20. மாநில சராசரியும் 20. ஆகவே நமக்கு நடுத்தர நிறம். பார்க்கிறவர் கண் நம் மாவட்டத்தின் மேல் நிற்காது. கடந்துபோய்விடும்.

இந்த நடுத்தர நிறத்துக்குள் என்னென்ன மறைந்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, எண்ணப்படாதவர்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவராக இருக்கும் தலித் பட்டியலில் வரமாட்டார். சீக்கியர் 1956இல் சேர்க்கப்பட்டனர், பௌத்தர் 1990இல்தான். பண்டிதர் காட்டிய பௌத்த வழியில் போனவர்களுக்கே அத்தனை காலம் ஆகியிருக்கிறது. தேவாலயங்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், அண்ணன் அந்த 20க்குள் இருப்பார், தம்பி வெளியே இருப்பார். சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் மறிக்கிறவன் இவர்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை. வரைபடம் பிரிக்கிறது.

இரண்டாவது, அளவு. நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் தரையிலுள்ள 500 மீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டர். ஊருக்கும் காலனிக்கும் இடையே 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாளில் நாலு மில்லிமீட்டர். உற்றுப் பார்த்தால் தெரியும். மாவட்டம் முழுவதையும் ஒரே பக்கத்தில் காட்ட 1:10,00,000 அளவுக்குப் போனால் அந்த 200 மீட்டர் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. எல்லைக்கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். சாதி வாழ்கிற தூரம் அந்தக் கோட்டின் மைக்குள் மறைந்துவிடுகிறது. மேற்கேயிருந்து அடிக்கும் காற்று எங்கள் மேல் பட்டு ஊர்மேல் படக்கூடாது என்றுதான் எங்களைக் கிழக்கே வைத்தார்கள் என்று என் பாட்டி சொல்வாள். ஆடிக்காற்றின் திசை வரைபடம் எந்தப் பாடநூலிலும் இருக்கிறது. பாட்டி சொன்ன வரைபடம் இல்லை.

மூன்றாவது, 'கிராமம்' என்ற அலகு. கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு கிராமத்துக்கும் வசதிப் பட்டியல் வெளியிடுகிறது. குடிநீர் உண்டா, பள்ளி உண்டா, மின்சாரம் உண்டா. உண்டு என்றால் அந்தக் கிராமம் முழுவதும் நிறம் பெறும். தண்ணீர்த் தொட்டி ஊர்ப்பக்கம் இருந்து, காலனிக்காரர் குடம் தூக்கி வந்து காத்து நின்றாலும் அது 'உண்டு'தான். பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்பதும் கிராம வாரியாகக் கிடைக்கும். எந்தத் தெருவில் என்பது கிடைக்காது. இத்தனைக்கும் கணக்கெடுக்க வருகிற ஆசிரியர் தன் பகுதிக்குத் தெருத் தெருவாக, வீட்டு எண் போட்டு ஒரு படம் வரைகிறார். நானும் வரைந்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாள் கட்டோடு கட்டாகப் போய்விடும். வெளியே வருவது கூட்டுத்தொகை மட்டும்.

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகிறது? நம் மக்கள் ஊர்களுக்கு இடையே பார்த்தால் பரவலாகச் சிதறியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஊருக்கு உள்ளே பார்த்தால் முழுக்க ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். மாவட்ட அளவில் வரைந்தால் சிதறல் தெரியும், ஒதுக்கல் தெரியாது. பார்க்கிறவர் 'இங்கே எல்லோரும் கலந்து வாழ்கிறார்கள்' என்றுகூடச் சொல்லிவிடுவார். தெரு அளவில் வரைந்தால்தான் ஒதுக்கல் தெரியும். சாதி தெருவில் வாழ்கிறது, அரசின் வரைபடமோ மாவட்டத்தில் நின்றுவிடுகிறது. இதுதான் என் பேச்சின் சாரம்.

தெரு அளவில் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1961-62இல் தஞ்சைக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என்று ஊரின் அமைப்பிலிருந்தே தன் நூலைத் தொடங்கினார். 2006இல் வெளியான ஓர் ஆய்வு 11 மாநிலங்களில் 565 கிராமங்களுக்குப் போய்த் தீண்டாமை எந்தெந்த இடத்தில், எந்தெந்த வடிவில் நடக்கிறது என்று கணக்கெடுத்தது. கடை, கிணறு, கோயில், பள்ளி, தபால் என்று இடம் இடமாகக் கேட்டார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊரையும் தலித் குடியிருப்பையும் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6ஆம் தேதி இடிக்கப்பட்டது. அதுவரை ஏறக்குறைய இருபது ஆண்டு அங்கே நின்ற சுவர் அது. போராடியவர்கள் வெளியே கொண்டுவரும்வரை அதை உலகத்துக்குக் காட்டிய வரைபடம் ஒன்றுமில்லை.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் 'உன் ஊரின் படம் வரைக' என்று ஒரு பயிற்சி உண்டு. ஒரே கிராமத்திலிருந்து இரண்டு பையன்கள். ஒருவன் நன்றாக வரைந்திருந்தான். கோயில், தெப்பக்குளம், சாவடி, ரேஷன் கடை, நாலு தெரு. தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு 'காலனிக்கு' என்று எழுதியிருந்தான். அவன் ஊர் அங்கே முடிந்துவிட்டது. மற்றவன் படத்தில் கோயில் சின்னதாக ஒரு மூலையில். வாய்க்கால், வாய்க்கால் கரையில் பிணம் கொண்டுபோகும் தடம், பேருந்து நிற்கும் இடம், தண்ணீர் பிடிக்கும் இடம். சாலையில் ஓரிடத்தில் பெருக்கல் குறி. அதென்னடா என்று கேட்டேன். "இங்க வச்சு அப்பா சைக்கிள்ல இருந்து எறங்கிருவாங்க சார். அந்தப் பக்கம் போய்த்தான் ஏறுவாங்க" என்றான். இரண்டு குறி போட்டிருந்தான், ஒன்று இறங்க, ஒன்று ஏற.

எந்த அட்லஸிலும் அப்படி ஒரு குறியை நான் கண்டதில்லை. கருப்பொருள் வரைபடம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் உண்மையில் விளங்கியது. அவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். முதல் பையனுக்கும் நல்ல மதிப்பெண்தான் போட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்த ஊரை வரைந்தான். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் காட்டியிருக்கவேண்டும். அந்தத் துணிச்சல் அன்றைக்கு எனக்கு வரவில்லை. இன்றுவரை அது மனதில் இருக்கிறது.

காகிதம் இல்லாதவர்களிடம் வரைபடம் இல்லை என்று நினைக்கக்கூடாது. நம் கடற்கரையைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை வெள்ளைக்கார அரசு அளந்து, ஆழம் குறித்து, வரைபடம் போட்டு வைத்திருந்தது. தொள்ளாயிரம் பார் போன்ற பெயர்கள் அவர்கள் வைத்தவை அல்ல. கடலோடிகளின் பெயர்கள். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் ஒன்றோடொன்று நேர்வைத்துப் பார்த்தே நடுக்கடலில் தன் இடத்தை அறிந்தவர்கள் அவர்கள். அரசின் படம் அவர்கள் அறிவிலிருந்து வந்தது, குத்தகைப் பணம் அரசுக்குப் போனது. இதே முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன்தான் பிறகு நம் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, 1909இல் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். சிப்பியை அளந்தவர் மனிதரையும் அளந்தார். இருவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

வயல்காட்டிலும் அப்படித்தான். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகால், தென்கால் பிரிந்து, குளத்துக்குக் குளம் தண்ணீர் போகிறது. எந்த மடையை எந்நேரம் திறப்பது, எந்த வயல் முதலில் நிரம்பும், எந்தக் கரை முதலில் கரையும் என்பதெல்லாம் மடைக்குடும்பர்களுக்கும் நீர்பாய்ச்சுகிறவர்களுக்கும் மனப்பாடம். அது நில உயரத்தின் வரைபடம். நிலம் அவர்கள் பெயரில் இல்லை, நிலத்தின் வரைபடம் அவர்கள் தலைக்குள் இருந்தது.

இது எதற்கு உதவும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 நமக்குக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. நம் பகுதி தீவுகளாகியது. மறுநாள் எல்லா ஊடகத்திலும் மழை வரைபடம். நம் கடற்கரைமேல் அடர்ந்த நிறத்தில் ஒரு பெரிய வட்டம். வானம் சாதி பார்க்கவில்லை, அந்தப் படமும் சரியான படம்தான். ஆனால் மழை விழுந்த இடமும் தண்ணீர் தேங்கிய இடமும் ஒன்றல்ல. தேங்கிய இடத்தைக் காண மழைப் படத்தின் மேல் நில உயரப் படத்தை வைக்கவேண்டும். யார் வீடு போயிற்று என்பதைக் காண அதன் மேல் குடியிருப்புப் படத்தை வைக்கவேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வாசிப்பதுதான் புவியியலாளர்களின் முதன்மையான உத்தி. ஜான் ஸ்நோ சாவையும் குழாயையும் ஒரே தாளில் வைத்ததும் அதுதான். முதல் இரண்டு படங்களும் அரசிடம் இருக்கின்றன. மூன்றாவது, தெரு அளவிலான குடியிருப்புப் படம், நம்மிடம்தான் இருக்கிறது. வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தது யார், எப்போது என்ற கேள்வி அந்த மூன்றாவது படம் இல்லாமல் எழவே எழாது. நிவாரணம் கேட்கும்போதும், மாற்று இடம் கேட்கும்போதும் நம் கையில் இருக்கவேண்டிய படம் அது.

நிலத்துக்கும் இதே கதை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பழைய வருவாய்ப் பதிவேடுகளில் கிராம நத்தம் தனியாக, சேரி நத்தம் தனியாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒதுக்கி வைக்கும்போது அரசின் தாள் எவ்வளவு துல்லியமாகத் தெருவரை வந்திருக்கிறது பாருங்கள். பிறகு பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது பல இடங்களில் பஞ்சமி என்ற குறிப்பு விடுபட்டது என்பது நில மீட்பு இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு. காரணையில் நிலம் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். புல வரைபடமும் 'அ' பதிவேடும் வெறும் தாசில்தார் அலுவலகக் காகிதங்கள் என்று இனியும் நினைக்கமுடியுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தெரு அளவு வரைபடம் நல்லது என்று சொன்னேன். அது ஆபத்தானதும்கூட. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடன் கழகம் ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களைத் தெருத்தெருவாக நிறமிட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பில் வந்தன. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற விவரம் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து போனது. நம் நாட்டிலும் கலவரக்காரன் கையில் ஒரு வீட்டுப் பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. ஆகவே எதை வரைகிறோம், எதை வெளியிடுகிறோம், எதை நம்மிடமே வைத்துக்கொள்கிறோம் என்று அந்தத் தெருக்காரர்கள் கூடித் தீர்மானிக்கவேண்டும். வீட்டு வாசலைக் குறிக்கவேண்டாம், பாதையைக் குறிப்போம். ஆளைக் குறிக்கவேண்டாம், மறுக்கப்பட்ட இடத்தைக் குறிப்போம். சைக்கிளிலிருந்து இறங்கியவரின் பெயரை அந்தப் பையன் எழுதவில்லை. இறங்கவேண்டிய இடத்தைத்தான் குறித்தான்.

இப்போது இதற்கு ஒரு அவசரமும் வந்திருக்கிறது. 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணும் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. காகிதத்துக்குப் பதில் கைப்பேசிச் செயலி. எண்கள் வரும். வந்த மறுநாளே வண்ண வண்ண வரைபடங்கள் வரும். ஒவ்வொரு சாதியும் தன் மாவட்டம் எத்தனை அடர்த்தி என்று பார்க்கும். அப்போது நாம் இரண்டு கேள்வி கேட்கவேண்டும். குறிவிளக்கத்தில் எங்களை எந்தப் பெயரில் எழுதியிருக்கிறாய்? எந்த அளவில் வரைந்திருக்கிறாய்? முதல் கேள்வி பண்டிதருடையது. இரண்டாவதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

கேட்பதோடு நிற்கவேண்டாம். 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. முன்போல அனுமதி வாங்கி அலையவேண்டியதில்லை. கைப்பேசி எல்லாப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. இந்த அமைப்பிடம் என் வேண்டுகோள் இதுதான். நம் ஒன்றியத்தில் பத்துக் கிராமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தே விஷயம். சுடுகாட்டுக்குப் போகும் பாதை எது, அது யார் நிலத்தின் வழியாகப் போகிறது. தண்ணீர்த் தொட்டி எங்கே, கடைசி வீட்டுக்கும் அதற்கும் எத்தனை அடி. ரேஷன் கடையும் பள்ளியும் எந்தப் பக்கம். குடியிருக்கும் மனைக்குப் பட்டா உண்டா இல்லையா. 2023 வெள்ளம் சுவரில் எதுவரை ஏறியது. கடைசியது அவசரம். வெள்ளையடித்தால் அந்தத் தடம் போய்விடும்.

இளைஞர்கள் நடந்து அளக்கட்டும். பெரியவர்கள் பக்கத்திலிருந்து சொல்லட்டும். குறிவிளக்கத்தை எல்லோரும் உட்கார்ந்து நம் சொல்லில் எழுதுங்கள். பத்துப் படமும் முடிந்த பிறகு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கவேண்டியதைக் கொடுங்கள். மற்றதை இந்த அமைப்பின் அலமாரியில் பண்டிதரின் நூல்களுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டு பெருக்கல் குறி போட்ட பையனின் தாள் என்னிடம் இல்லை. ஆண்டு முடிவில் எடைக்குப் போட்ட தாள்களோடு போய்விட்டது. அடுத்த ஆண்டு இந்த மேடைக்குப் பின்னால் ஒரு படம் தொங்குமானால், அதில் அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பேன். அந்தக் குறி இன்னும் தேவைப்படுகிறதா என்று அப்போது தெரிந்துகொள்வேன்.